அப்பாவின் கணக்கு நோட்டில் மெட்ஸ்: 2023

மார்ச் 15, புதன், இரவு

எங்கள் பேஸ்பால் குழு நியூயார்க் மெட்ஸுக்கு சீசன் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

உலக பேஸ்பால் கிளாசிக், மயாமி. டொமினிகன் குடியரசை ஜெயித்த சந்தோஷத்தில் போர்ட்டோ ரிக்கோ ஆட்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நம் மெட்ஸ் பிட்சர் (பந்து வீசுபவன்) எட்வின் டியாஸ். திடீரென்று கூட்டம் விலகியது, அவன் தரையில் கிடந்தான். வலது முட்டி. மைதானத்தை விட்டு நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அணியிலேயே இருந்த தம்பி அழுகிறான்.

ஐந்து வருடத்துக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. போன வருடம் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதில் ட்ரம்பெட் முழங்க அவன் ஓடி வந்தாலே நாங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வோம், ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். பந்து வீசும்போது விழுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். குதித்ததில் போய்விட்டது.

இவர் பக்கத்து சோபாவில் ஒன்றும் சொல்லவில்லை. ஊரின் இன்னொரு குழுவான யாங்கீஸின் ஆள். சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மார்ச் 30, வியாழன்

முதல் ஆட்டம், மயாமியில். 5-3, ஜெயித்தோம். ஆனால் புதிதாக வாங்கிய பிட்சர் வெர்லாண்டர் இல்லை. தோளுக்குக் கீழே தசைப்பிடிப்பு என்று இன்றைக்குத்தான் அறிவித்தார்கள். 40 வயது. வருடத்துக்கு 4.33 கோடி டாலர். இன்னொரு பிட்சர் ஷெர்சருக்கும் அதே சம்பளம், அவருக்கு ஜூலையில் 39.

போன வருடம் 101 வெற்றி. அட்லாண்டாவுக்கும் அதே 101, நேருக்கு நேர் கணக்கில் அவர்களுக்கு முதலிடம், நமக்கு வைல்டு கார்டு, அதாவது முதலிடம் தவறியவர்கள் ஆட வேண்டிய கூடுதல் சுற்று. அதிலும் சான் டியேகோவிடம் சொந்த மண்ணில் உதை. கடைசி ஆட்டத்தில் மொத்தமே ஒரு ஹிட்டு. அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் முதலாளி ஸ்டீவ் கோஹன் பெட்டியைத் திறந்தார். வெர்லாண்டர், ஜப்பானிலிருந்து செங்கா, கின்டானா, நிம்மோவுக்கு எட்டு வருடம், டியாஸுக்கு ஐந்து. சம்பளப் பட்டியல் 35 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பேஸ்பாலில் இதற்கு முன் யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. 29.3 கோடிக்கு மேலே போகும் ஒவ்வொரு டாலருக்கும் லீகுக்கு 90 சென்ட் வரி வேறு. அந்த வரம்புக்கே ‘கோஹன் வரி’ என்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார், ஆறு மாதம். விமான நிலையத்துக்குப் போகும்போது ஆட்டம் நடக்கும். ரேடியோதான்.

ஏப்ரல் 9, ஞாயிறு

அப்பாவுக்குத் தூக்கம் இன்னும் இந்த ஊர் நேரத்துக்கு வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, நேற்றைய ஆட்டத்தின் மறுஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தஞ்சாவூர் ஜில்லாவில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முப்பது வருடம் தணிக்கை செய்தவர். எதைப் பார்த்தாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதுக்கு எவ்வளவு?”

வெர்லாண்டர் சம்பளத்தைச் சொன்னேன். நோட்டை எடுத்தார். வருடத்துக்கு 32 ஆட்டம், ஆட்டத்துக்கு 100 பந்து. ஒரு பந்துக்கு 13,500 டாலர், நம் காசில் 11 லட்சம்.

“ஒரு பந்துக்கா?”

“ஆமாம்ப்பா. அதுவும் போட்டா.”

காலையில் பவுன் தெருப் பிள்ளையார் கோயில். நான் காபி வாங்கக் கீழே கேன்டீனுக்குப் போய்விட்டுத் திரும்பினால், அப்பா எட்வின் பேருக்கு அர்ச்சனை கேட்டுக்கொண்டு நிற்கிறார். முட்டி சரியாகணுமாம். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “சுவாமி பேருக்கே பண்ணிடறேன்” என்றார் குருக்கள், ஒரு சிரிப்புமில்லாமல். க்வீன்ஸில் இது முதல் தடவையாக இருக்காது.

ஏப்ரல் 19, புதன்

லாஸ் ஏஞ்சலஸில் ஷெர்சரை அம்பயர் வெளியே அனுப்பிவிட்டார். கையில் பிசுபிசுப்பாம். “வியர்வையும் ரோசின் பொடியும்தான், சத்தியம்” என்று அவர் கத்தியது ஒலி இல்லாமலே புரிந்தது. பத்து ஆட்டத் தடை வரும். ஆட்டம் என்னவோ ஜெயித்தோம், 5-3.

அப்பா குறிப்பு: தடைக் காலத்துக்குச் சம்பளம் பிடிப்பார்களா?

மே 4, வியாழன்

வெர்லாண்டர் ஒருவழியாக வந்தார், டெட்ராய்டில். முதல் இன்னிங்ஸிலேயே அடுத்தடுத்து இரண்டு ஹோம் ரன். இரண்டாவதை அடித்தது நம் பழைய பாயஸ். அதற்குப் பிறகு நன்றாகத்தான் போட்டார், ஆனால் அடிக்க வேண்டியவர்கள் அடிக்கவில்லையே. 0-2. டெட்ராய்டிடம் மூன்றுக்கு மூன்றும் தோல்வி. டெட்ராய்டிடம்!

மே 17, புதன், நள்ளிரவு தாண்டி

தொண்டை போய்விட்டது. தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

அப்பாவை முதல் தடவையாக சிட்டி ஃபீல்டுக்குக் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து ஏழாம் நம்பர் ரயிலில் ஒரே ஸ்டேஷன். அவர் மஃப்ளரோடு வந்தார். உள்ளே வெளிச் சாப்பாட்டை விடுகிறார்கள் என்று சொன்னால் நம்பவில்லை. புளியோதரை டப்பாவைச் சோதனைக்காரர் திறந்து பார்த்து மூடிக் கொடுத்ததும்தான் மூச்சுவிட்டார்.

எதிரே டாம்பா பே. இந்த வருடம் யாராலும் தொட முடியாத குழு, சம்பளம் நம்முடையதில் கால்வாசிகூட இராது. செங்கா ஆறு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அவருடைய ‘பேய் ஃபோர்க்’ என்கிற பந்து மட்டைக்கு முன்னால் வந்து காணாமல் போவதை மேல் அடுக்கிலிருந்தும் பார்க்க முடிந்தது. அடிப்பவன் சுற்றிவிட்டு, பந்து எங்கே என்று தரையைப் பார்ப்பான். அப்படியும் 0-2. இன்றைக்குத்தான் கீழ்நிலை லீகிலிருந்து வந்த வியென்டோஸ் ஏழாவதில் அடித்து 2-2. உடனே நம் புல்பென் (பின்பாதியில் இறங்கும் மாற்று பிட்சர்கள்) வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒன்பதாவது வரும்போது 2-5.

எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நானும் டப்பாவைப் பையில் வைத்தேன். அப்பா அசையவில்லை. “கணக்கு முடியலையே?” என்றார். அப்போது அல்வாரெஸ் அடித்தான். 21 வயதுப் பையன், கேட்ச்சர். அடித்த நொடியே தெரிந்துவிட்டது. இடது பக்கக் கூட்டம் பந்துக்கு முன்னாலேயே எழுந்துகொண்டது. மூன்று ரன். 5-5. பத்தாவதில் அவர்கள் இரண்டு எடுத்தார்கள், பீட் அலோன்சோ மூன்று ரன் ஹோம் ரன் அடித்தான், 8-7, முடிந்தது. முன்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் அப்பாவைக் கட்டிக்கொண்டு குதித்தார். அப்பாவும் குதித்தார், எழுபத்திரண்டு வயதில். டியாஸ் ஞாபகம் வந்து ‘முட்டிப்பா, முட்டி’ என்று கத்தினேன்.

ரயிலில் கேட்டார், “அந்தக் கேட்ச்சர் பையனுக்கு எவ்வளவு?”

“கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம்தான்ப்பா. 7,20,000 டாலர்.”

விரலை மடக்கினார். “வெர்லாண்டருக்கு அரை ஆட்டம்.”

மே 29, திங்கள், விடுமுறை

மத்தியானம் நான்கு மணி. அகமதாபாத்தில் நடுராத்திரி தாண்டியிருக்கிறது. கடைசி இரண்டு பந்தில் பத்து ரன், ஜடேஜா சிக்ஸும் ஃபோரும். சிஎஸ்கேவுக்கு ஐந்தாவது கோப்பை. அப்பாவும் நானும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குழு ஜெயிக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்புறம் நோட்டு வந்தது. ஐபிஎல்லில் ஒரு குழு 95 கோடி ரூபாய்க்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. பத்துக் குழுவுக்கும் சேர்த்து 950 கோடி. மெட்ஸின் 35 கோடிச் சொச்சம் டாலர் என்பது கிட்டத்தட்ட 2,900 கோடி ரூபாய். “ஐபிஎல்லையே மூணு தடவை வாங்கலாம்” என்றார் அப்பா.

சிஎஸ்கேவும் ஸ்டோக்ஸுக்கு 16.25 கோடி கொடுத்து இரண்டே ஆட்டம்தான் ஆட வைத்தது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது செல்லாது என்றார். கோப்பை வந்துவிட்டால் தணிக்கைக்காரன் கண்டுகொள்ள மாட்டானாம்.

ஜூன் 8, வியாழன்

அட்லாண்டா. மூன்று நாள், மூன்று ஆட்டம். மூன்றிலும் மூன்று ரன்னாவது முன்னால் இருந்தோம், மூன்றையும் தோற்றோம். நேற்று பந்து அலோன்சோவின் மணிக்கட்டில் பட்டு அவனும் போனான். இன்றைக்குப் பத்து ரன் எடுத்தும் பத்தாவது இன்னிங்ஸில் அல்பீஸ் ஒரே அடியில் முடித்துவிட்டான். 10-13.

யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா என்பார்கள். இவர்கள் பேரம்கூடப் பேசவில்லை, அங்குசம் என்று ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது. டியாஸ் விழுந்த அன்றைக்கே கடைசி மூன்று இன்னிங்ஸுக்கு ஆள் தேடியிருக்க வேண்டும். 38 வயது டேவிட் ராபர்ட்சன் ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் யார் வருவார்கள் என்பது தினமும் ஒரு லாட்டரி.

ஜூன் 25, ஞாயிறு

ஃபிலடெல்ஃபியா. எட்டாவது இன்னிங்ஸில் 6-3 முன்னிலை. பிறகு வாக் (நான்கு தப்புப் பந்து போட்டால் அடிப்பவனுக்கு முதல் பேஸ் சும்மா), இன்னொரு வாக், அடிப்பவன் மேலேயே பந்து, மறுபடியும் மேலேயே பந்து. பேஸ் எல்லாம் நிரம்பியிருக்க, நாங்களாகவே ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். 6-7.

டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன். தேய்க்க வேண்டியதில்லை, மெஷின் இருக்கிறது.

ஜூன் 28, புதன்

முதலாளியே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். மேனேஜர் ஷோவால்டரையும் பொது மேலாளர் எப்ளரையும் இப்போதைக்கு மாற்றப் போவதில்லையாம். ஒரு மாதத்தில் நிலைமை மாறாவிட்டால் ஆட்களை விற்க யோசிப்போம் என்கிற தொனி. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் ஹெட்ஜ் ஃபண்டுக்காரர். நஷ்டத்தில் இருக்கிற பங்கைப் பற்றிப் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதுதான் வேடிக்கை. பழைய முதலாளிகள் காலத்தில், நியூயார்க் குழு ஏன் சின்ன ஊர்க் குழு மாதிரி செலவு செய்கிறது என்று கத்தினவள் நான். 2020-இல் இவர் வாங்கியபோது கேசரி கிண்டினேன். செலவு செய் என்றோம், செய்தார். எதை வாங்கினார் என்பதில்தான் எனக்கு வழக்கு. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைத் தலா மூன்று தடவை வாங்கிய இரண்டு தோள்களை, அந்த விருதுகளுக்கான விலையிலேயே வாங்கினார். விருதெல்லாம் வேறு ஊரில் வாங்கி முடித்தாயிற்று. எங்களுக்கு வந்தது மிச்சம்.

ஜூலை 1, சனி

பாபி போனியா தினம். ஜூன் கணக்கு: 7 வெற்றி, 19 தோல்வி. அதைப் பேச வேண்டாம், போனியாவைப் பேசுவோம்.

மெட்ஸின் பழைய ஆட்டக்காரர். 2000-இல் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது 59 லட்சம் டாலர் பாக்கி. அதை அப்போதே கொடுக்காமல், எட்டு சதவீத வட்டியோடு 2011-லிருந்து 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் கொடுக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தார்கள். தவணை 11,93,248 டாலர் 20 சென்ட். அவருக்கு இப்போது அறுபது வயது. இன்றைக்கும் வந்திருக்கும்.

அப்பாவுக்கு இந்த சீசனில் இதைவிடப் பிடித்த விஷயம் எதுவும் இல்லை. இருபத்தைந்து தவணையையும் பெருக்கிப் பார்த்தார், ஏறக்குறைய மூன்று கோடி டாலர். “எந்த மடையன் கையெழுத்துப் போட்டான்?” அப்போதைய முதலாளிகள், பிற்பாடு மோசடிக்காரர் என்று பிடிபட்ட மேடாஃபிடம் பணம் போட்டிருந்தார்கள், அதில் எட்டுக்கு மேல் வரும் என்று நம்பினார்கள் என்றேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீட்டு நடத்தினவர்களை நம்பிச் சங்கப் பணத்தைப் போட்ட செயலாளர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்தக் கதைகள் இரவு பதினொன்று வரை ஓடின. ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

வியாழக்கிழமை மழைக்காக ஆட்டம் நின்றிருந்த நேரத்தில் ராபர்ட்சனை மயாமிக்கு விற்றார்கள். நேற்று ஷெர்சர், டெக்சஸுக்கு. பதிலுக்கு ஒரு பையன், லூயிசாஞ்சல் அகூன்யா. எங்களை அட்லாண்டாவில் சாத்துகிற அகூன்யாவின் தம்பி. ஷெர்சருக்கு மிச்சம் வர வேண்டிய சம்பளத்தில் 3.5 கோடி டாலரை நாமே கட்டுகிறோம்.

அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. “மாட்டை வித்துட்டு, அது திங்கற புண்ணாக்குக்கும் நாமளே காசு கொடுக்கறதா?” அப்படிக் கொடுத்தால்தான் நல்ல கன்று கிடைக்கும் என்று விளக்கினேன். விளக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம், எனக்கு இது எப்போது புரிந்து தொலைத்தது?

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வெர்லாண்டரும் போயாயிற்று, திரும்ப ஹூஸ்டனுக்கே. கூடவே ஐந்து கோடி டாலருக்கு மேல் போகக்கூடிய செக்கு. அங்கிருந்து வருகிறவர்கள் கில்பர்ட், கிளிஃபர்ட் என்று இரண்டு பையன்கள். கானா, ஃபாம் எல்லாரும் காலி.

இதோடு விட்டார்களா? இரவு கான்சஸ் சிட்டியில், லீகிலேயே மோசமான குழுக்களில் ஒன்றிடம், பத்தாவது இன்னிங்ஸில் 6-6. நம் பிட்சர் பால்க் செய்தார், அதாவது பந்து போடும் அசைவில் விதியை மீறினார்; அதற்குத் தண்டனையாக பேஸில் நிற்பவனுக்கு அடுத்த பேஸ் சும்மா. மட்டையில் பந்து படவில்லை, யாரும் ஓடவில்லை, மூன்றாவது பேஸில் இருந்தவன் நடந்து வந்தான். 6-7.

சிரித்துவிட்டேன். நிஜமாகவே. இவர் சமையலறையிலிருந்து ஓடிவந்து “என்ன ஆச்சு?” என்றார்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பால்டிமோரிலும் மூன்றும் தோல்வி. அவர்கள் சம்பளம் நம்முடையதில் ஐந்தில் ஒரு பங்குதான். வேறு குறிப்பு இல்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

நாளைக்கு அப்பா கிளம்புகிறார். கடைசியாக ஒரு ஆட்டம் என்று டிக்கெட் வாங்கி, எலுமிச்சை சாதம் கட்டி, தொப்பி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் செய்தி: ஆட்டம் இல்லை. வார இறுதி முழுக்கப் புயல் மழை பெய்தபோது குழு ஃபிலடெல்ஃபியாவில் இருந்தது. இங்கே இன்ஃபீல்டில் தார்ப்பாய் விரிக்கவில்லை. மண் சேறாகிக் கிடக்கிறது.

அப்பா திண்ணையில் உட்காருவதுபோல வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம ஊர் நெல் கொள்முதல் நிலையத்துலதான் இப்படிப் பார்த்திருக்கேன். மூட்டையெல்லாம் நனைஞ்சப்பறம் தார்ப்பாய் எங்கேன்னு தேடுவான்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு தார்ப்பாய் என்ன விலை இருக்கும்?”

எலுமிச்சை சாதத்தைப் படியிலேயே சாப்பிட்டோம்.

அக்டோபர் 1, ஞாயிறு

முடிந்தது. 75 வெற்றி, 87 தோல்வி, நாலாவது இடம். கடைசி ஆட்டம் 1-9. ஷோவால்டர் ஆட்டத்துக்கு முன்னாலேயே தான் அடுத்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மில்வாக்கியில் கைக்காசை எண்ணி எண்ணிக் குழு நடத்திப் பழகிய டேவிட் ஸ்டெர்ன்ஸ் நம் குழுவை நடத்த நாளைக்கு வருகிறார்.

நல்லதையும் எழுதிவிடுகிறேன், பாவம். செங்கா 202 ஸ்ட்ரைக்அவுட். அலோன்சோ 46 ஹோம் ரன். அப்பா விமானத்தில் இருந்த அன்று லின்டோர் 30 ஹோம் ரன், 30 ஸ்டீல் (அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது) இரண்டையும் தொட்டான். யாங்கீஸ் 82-80, அவர்களும் பிளேஆஃபில் இல்லை. இந்த வீட்டில் அக்டோபர் முழுக்க அமைதி.

நவம்பர் 1, புதன், நள்ளிரவு

டெக்சஸ் உலகத் தொடரை ஜெயித்துவிட்டது. ஷெர்சருக்கு மோதிரம். எதிரே தோற்ற அரிசோனா 84 வெற்றியோடு உள்ளே நுழைந்த குழு, அதில் நம் ஃபாம். அதற்கு முந்தின சுற்றில் டெக்சஸிடம் ஏழாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது வெர்லாண்டரின் ஹூஸ்டன். இரண்டு பக்கமும் நம் செக்கு.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை ஒன்பதரை. பின்னால் மிக்ஸி ஓடுகிறது, தலையில் மெட்ஸ் தொப்பி. விஷயத்தைச் சொன்னதும் நோட்டை எடுத்துவரப் போனார். பக்கம் புரட்டுகிற சத்தம்.

“ஷெர்சருக்கு நாம கொடுத்தது மூணரை கோடி. அந்த மோதிரத்துல நமக்கு ஏதாவது பங்கு உண்டா?”

“இல்லப்பா.”

எதையோ எழுதிக்கொண்டார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, “அது போகட்டும். அந்த ட்ரம்பெட் பையன் முட்டி எப்படி இருக்கு?”

மார்ச்சில் வந்துவிடுவான் என்கிறார்கள் என்றேன். “அப்போ கோயில்ல மறுபடியும் போய்க் கேளு. இந்தத் தடவை நட்சத்திரம் பார்த்து வெச்சிருக்கேன். பொறந்த தேதி நெட்ல இருக்கு” என்றார்.